வளைகாப்பு பேக்கேஜ் என்று 23,500 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்து நடங்க

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்கு ஏழாம் மாத வளைகாப்பு. இன்று புதன். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, எழுதுவது முன்னப்பின்ன இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 23,500 ரூபாய். எங்கள் அப்பாவின் ஒரு மாதப் பென்ஷனைவிடக் கொஞ்சம் அதிகம்.

நாங்கள் திருச்சி, மாப்பிள்ளை வீடு லால்குடி. வழக்கமாக எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் வெளியாள் வைக்க மாட்டோம். சர்க்கரைப் பொங்கல், புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, புதினா, தயிர் என்று ஏழு வகை சாதத்தையும் அம்மாவும் சித்தியும் விடியற்காலையில் எழுந்து கிளறிவிடுவார்கள். இந்த வருடம் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன். "நான் பார்த்துக்கறேம்மா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னது நான்தான்.

ரீல்ஸ் போடுகிற ஒரு ஆப்பில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பூ ஊஞ்சல், வாழைமரம், பித்தளைத் தட்டுகள், பின்னால் மஞ்சள் துணி, எல்லாம் கண்ணைப் பறித்தன. அலங்காரம், 60 பேருக்குச் சாப்பாடு, வளையல், போட்டோ எல்லாம் சேர்த்து 38,000 என்று போட்டிருந்தது. நான்கு இடத்தில் விசாரித்ததில் அது கொஞ்சம் மலிவு, ஆனால் சந்தேகம் வருகிற அளவுக்கு மலிவு இல்லை. அங்கேதான் சாமர்த்தியம்.

போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண். விலையே பேசவில்லை. முதல் கேள்வி, "தங்கச்சிக்கு வளையல் அளவு என்னக்கா, 2.4ஆ 2.6ஆ?" 2.4 என்றேன். "ஏழாம் மாசம் கை கொஞ்சம் வீங்கியிருக்கும்க்கா, 2.6 எடுத்துடுறேன். கழட்டும்போது பிள்ளைக்கு வலிக்கக் கூடாது பாருங்க" என்றாள். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றாத விஷயம் அது. வேப்பிலைக் காப்பை முதலில் போட வேண்டும், வளையல் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அவளே சொன்னாள். "என் தங்கச்சி விசேஷம் மாதிரி செஞ்சு தரேன்க்கா." அன்றே 10,000 அட்வான்ஸ் போட்டேன். பணம் அனுப்பும்போது திரையில் ஏதோ ஒரு ஆணின் பெயர் வந்தது. கேட்டேன். "வீட்டுக்காரர் அக்கவுன்ட்க்கா" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை, "ஞாயித்துக்கிழமை பெரிய முகூர்த்தம்க்கா, மல்லி விலை எகிறிடுச்சு, இன்னைக்கே சொல்லி வைக்கலைன்னா பூ கிடைக்காது" என்று 8,500. ஸ்ரீரங்கம் பூச்சந்தை முகூர்த்த நாளில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் நான், அதனால் நம்பினேன். சனிக்கிழமை ராத்திரி, "மாஸ்டர் கையில காசு இல்லாம அடுப்பு பத்த வைக்க மாட்டேங்கிறார்" என்று 5,000. ஆக மொத்தம் 23,500.

ஞாயிறு காலை 6 மணிக்கு மண்டபத்துக்கு வருவதாகப் பேச்சு. வரவில்லை. 6:30-க்குக் கூப்பிட்டால், "வண்டி டோல்கேட் தாண்டிடுச்சுக்கா." 7:15-க்கு டயர் பஞ்சர். 8 மணிக்கு மாஸ்டர் பையனுக்குக் காய்ச்சல். டோல்கேட்டிலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் நடந்தே வந்திருந்தால்கூட அதற்குள் வந்து சேர்ந்திருக்கலாம். 8:40-க்கு நான் கத்த ஆரம்பித்ததும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம் 4:30-க்குத்தானேக்கா, இப்பவே ஏன் டென்ஷன் ஆகுறீங்க?" 9 மணிக்கு போன் ஸ்விட்ச் ஆஃப்.

அப்புறம் நடந்ததை எழுதவே கை வரவில்லை. பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்துக்கொண்டு என் தங்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தி பக்கத்துத் தெருவில் வேப்பங்கொத்து ஒடித்து வந்து காப்பு முறுக்கினாள். என் வீட்டுக்காரர் வளையல் கடை தேடி ஓடினார். திறந்திருந்த ஒரே கடையில் 2.4-தான் இருந்தது. சோப்பு நுரை தடவித்தான் ஏற்றினார்கள், மூன்று உடைந்தன, கையில் கீறலும் விழுந்தது. சாப்பாடு தெருமுனை மெஸ்ஸிலிருந்து எலுமிச்சையும் தயிரும். ஏழு வகைக்கு இரண்டு வகை. மாப்பிள்ளையின் அத்தை தட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, உங்க பக்கம் இப்படித்தான் போல" என்றார். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றாள். 23,500 ரூபாய் எப்போதாவது திரும்பி வரலாம். அந்த வார்த்தை எப்படிப் போகும்?

சாயங்காலம் அவளிடமிருந்தே மெசேஜ் வந்தது. மன்னிப்புக் கேட்டு, கூடவே ஒரு கியூ.ஆர். "இதை ஸ்கேன் பண்ணுங்க, முழுப் பணமும் உங்க கணக்குக்கு வந்துடும்." ஸ்கேன் செய்தேன், 23,500 என்று காட்டி, ரகசிய 'பின்' (PIN) நம்பர் கேட்டது. போட விரல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கினார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு? அந்தக் குழப்பத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. இன்னொரு 23,500 போயிருக்கும். அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டாள்.

அந்த ஆப்பில் புகார் கொடுத்தேன். அந்தப் பக்கம் தங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. காவல் நிலையத்தில், "நீங்களா விரும்பித்தானேம்மா அனுப்பினீங்க" என்றார்கள். பேங்கில், "நீங்களே பின் போட்டு அனுப்பினதுக்கு நாங்க என்ன மேடம் பண்ண முடியும்" என்றார்கள். மூன்று இடத்திலும் குற்றவாளி நான்தான். திங்கட்கிழமை மதியம்தான் யாரோ சொல்லி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தேன். அங்கே ஒருவர் மரியாதையாகப் பேசி, ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணையும் வாங்கிப் பதிவு செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூப்பிட்டிருந்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்குமாம்.

இப்போது அந்தப் படங்களைத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு படத்தில் பின்னால் இருக்கும் மண்டபப் பெயர்ப்பலகை தெலுங்கில் இருக்கிறது. எல்லா ரீல்ஸிலும் கமென்ட் மூடியிருக்கிறது. இரண்டும் அப்போதும் என் கண் முன்னால்தான் இருந்தன.

எப்படி ஆள் பிடிப்பது, என்னென்ன கேட்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆற அமர எழுத மனசு வரவில்லை. படத்தைப் பார்த்துப் பணம் போடாதீர்கள், போன மாதம் அவர்கள் விசேஷம் செய்துகொடுத்த ஒரு வீட்டின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். பேசுகிற ஆள் ஒன்று, கணக்கில் வருகிற பெயர் வேறு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சாப்பாட்டையும் அலங்காரத்தையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930, விசேஷம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரைக்கும் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை என்கிறார்கள். ஆனால் யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது அணைத்துவைத்த ஒரு நம்பரும், ஒரு ஆண் பெயரும், மூன்று ஸ்கிரீன்ஷாட்டும்தான்.

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புது ரீல்ஸ் போட்டிருக்கிறார்கள். அதே பூ ஊஞ்சல், அதே மஞ்சள் துணி. இந்த மாதம் புக் செய்தால் வளையல் இலவசமாம்.