2001: எ ஸ்பேஸ் ஒடிஸி – 2007 ப்ளூ-ரேயா, 2018 4கே வட்டா?

ஸ்டான்லி குப்ரிக்கின் 1968 விண்வெளிப் படத்தின் இந்த இரண்டு வட்டுகளும் வார்னர் வெளியீடுகள்தான். வித்தியாசம் மூலத்தில் இருக்கிறது. 4கே பதிப்பு படம் பிடித்த 65 மி.மீ. மூல நெகட்டிவைப் (அசல் ஃபிலிமை) புதிதாக ஸ்கேன் செய்து உருவானது. 3840x2160 பிக்சல், 10 பிட் நிறம் (நிறப் படிநிலைகள் அதிகம்), எச்டிஆர் (இருளுக்கும் ஒளிக்கும் இடையே கூடுதல் வீச்சு). பழைய வட்டு 1920x1080, 8 பிட். விண்வெளிக் கறுப்பில் இது உடனே கண்ணில் படும்: 8 பிட்டில் இருளுக்கான படிநிலைகள் குறைவு என்பதால் மெல்லிய ஒளிச்சரிவுகள் பட்டை பட்டையாக உடையலாம். விண்கலத்தின் வெள்ளைப் பரப்பிலும் 4கேயில் நுணுக்கம் அழியாமல் நிற்கிறது, அதற்காகவே வாங்கலாம். ஒலியிலும் அதுவே மேல்: 1968 ஒலிக்கலவையும் பிந்தைய 5.1 சுற்றொலிக் கலவையும் சேர்ந்தே வருகின்றன.

ஆனால் 4கே வட்டு சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. யுஹெச்டி (4கே) ப்ளூ-ரே பிளேயரும், டிவியில் எச்டிசிபி 2.2 (நகல் தடுப்பு முறை) உள்ள எச்டிஎம்ஐ போர்ட்டும் வேண்டும்; கேபிள் 18 ஜிபிபிஎஸ் வேகம் தாங்குவதாக இருந்தால் நல்லது. எச்டிஆர் வரவில்லையா? வட்டைச் சந்தேகிக்கும் முன் டிவி அமைப்பில் அந்த போர்ட்டின் சிக்னல் முறையைப் பாருங்கள்; பல டிவிகளில் அதை நாமேதான் மாற்ற வேண்டும். பிளேயர் பழையது என்றாலும் 2018 பெட்டியையே எடுங்கள். புதிய ஸ்கேனிலிருந்து செய்த ப்ளூ-ரே வட்டும் அதற்குள் இருக்கிறது.