வீட்டுக் கொல்லையில் விறகுக் கணப்பு: முன்வார்ப்புக் கல் தொகுப்பும் அதை நிறுவிய வேலையும் – ஒரு மதிப்புரை

மத்திய நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டின் பின்புறம் நிறுவப்பட்டிருக்கும் விறகுக் கணப்புத் தொகுப்பு ஒன்றையும், அதை நிறுவித் தந்த கொத்தனார் குழுவின் வேலையையும் பற்றியது இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகுப்பு நல்ல தரமானது, தாராளமாக வாங்கலாம். ஆனால் இத்தகைய கணப்பின் பாதுகாப்பில் பெரும்பங்கு அது நிற்கும் இடத்தையும், அதன் அடியில் உள்ள அஸ்திவாரத்தையும், தலைக்கு மேலே புகைபோக்கி எவ்வளவு உயரம் போகிறது என்பதையும் சார்ந்தது. விற்பனைக் கூடத்தில் இந்த மூன்றைப் பற்றியும் யாரும் அதிகம் பேசுவதில்லை. கல்லின் நிறத்தைப் பற்றியும் மேல்பலகையின் அழகைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். ஆகவே அவர்கள் விட்டதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொகுப்பு என்பது வார்த்து எடுத்த கான்கிரீட் கட்டைகள், உள்ளே பதிக்க வேண்டிய தீச்செங்கற்கள், தீ வாய்க்கு மேல் வைக்கும் உத்தரக் கல், புகைக்குழல் துண்டுகள், உச்சியில் வைக்கும் மூடி ஆகியவை அடங்கியது. மரத்தட்டுகளில் அடுக்கி, லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டைகளுக்கு எண்ணிடப்பட்டிருந்தது, முனைகள் உடையாமல் இருந்தன, கையேட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் படம் இருந்தது. மொத்த எடை பல ஆயிரம் பவுண்டு என்பதால், இறக்கும் இடத்திலிருந்து கட்டும் இடம் வரை எப்படி நகர்த்துவது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. தீ வாயின் அளவு 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம். இந்த இரண்டு எண்களும் பின்னால் முக்கியமாகின்றன.

இடத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வீடு கட்டுவதற்கு அடிப்படையாக இருக்கும் ஐ.ஆர்.சி. என்னும் குடியிருப்புக் கட்டட விதிகளின்படி, கொத்துவேலைப் புகைபோக்கியின் உச்சி, அதிலிருந்து கிடைமட்டமாக 10 அடிக்குள் இருக்கும் கட்டடத்தின் எந்தப் பகுதியைவிடவும் குறைந்தது 2 அடி உயரமாக இருக்க வேண்டும். தொகுப்போடு வரும் புகைபோக்கியின் மொத்த உயரமோ ஏறத்தாழ பத்து அடிதான். இரண்டு மாடி வீட்டின் சுவரை ஒட்டி இதை வைத்தால், கூரைக்கு மேலே போக இன்னும் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த உயரத்துக்குக் கட்டினால் செலவும் எடையும் வேறு கணக்காகிவிடும்; கட்டாமல் விட்டால் தீப்பொறி கூரையில் விழும், புகை மாடிச் சன்னலுக்குள் போகும். எனவே கணப்பை வீட்டிலிருந்து தள்ளி வைப்பது ஒன்றுதான் உருப்படியான வழி.

தள்ளி வைக்கும்போது தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எங்களுக்குத் தொகுப்பை விற்ற கூடத்திலிருந்து வந்தவர் வீட்டுச் சுவரிலிருந்து டேப்பை இழுத்து, இடம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கொத்தனார் குழுவின் தலைவரோ கூரையின் விளிம்பில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொட்ட புள்ளியிலிருந்து அளந்தார். கூரை சுவரைத் தாண்டி ஓர் அடிக்கு மேல் நீண்டிருந்ததால், விற்பனையாளர் சொன்ன இடம் பத்தடிக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மரப் பந்தலையும் அவர் கணக்கில் சேர்த்தார். பின்னர் வந்த நகராட்சிக் கட்டட ஆய்வாளரும் அதையே கேட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தக் குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

வெளிச்சுவரில் வினைல் என்னும் பிளாஸ்டிக் பலகை பொருத்திய வீடுகளில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பலகை ஏறத்தாழ 160 டிகிரி பாரன்ஹீட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். தீப்பிடிப்பதற்கு வெகு முன்பே அது நெளிந்து தொங்கும். கணப்பின் வாய் வீட்டை நேராகப் பார்த்திருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது. காற்றின் திசையும் முக்கியம். எங்கள் பக்கத்தில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால், கணப்பின் முதுகை அத்திசைக்குக் காட்டி வைத்தார்கள். வாய் காற்றை எதிர்கொண்டு நின்றால் எவ்வளவு நல்ல புகைபோக்கியாக இருந்தாலும் புகை முகத்துக்குத்தான் வரும்.

அஸ்திவாரத்தில்தான் பலர் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் நாலு அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேலேயே தொகுப்பை அடுக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். கொத்துவேலைக் கணப்பின் கடைக்கால் குறைந்தது 12 அங்குலக் கனமும், எல்லாப் பக்கமும் கணப்பைவிட 6 அங்குலம் அதிகமாக நீண்டும், நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே இறங்கியும் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் அந்த ஆழம் மூன்று அடி. ஈர மண் உறையும்போது விரிந்து மேலே தள்ளும். இளகும்போது கீழே இறங்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இது நடக்கும்போது, மெல்லிய தளத்தின் மேல் நிற்கும் புகைபோக்கி கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். சாயும்போது உள்ளே புகைக்குழலின் இணைப்புகள் விரிசல் விடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்த விரிசல் தெரியாது. தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால், பூமிக்கடியில் போகும் எரிவாயுக் குழாயையும் மின்கம்பியையும் இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். அழைக்காமல் மண்ணில் கைவைக்கக் கூடாது.

இனி நெருப்பு எரியும் அறை. வெளிக்கட்டைகளை ஒட்டுவதற்குத் தொகுப்புடன் ஒருவகைப் பசை தருகிறார்கள். அது வெளி ஓட்டுக்கு மட்டும்தான். உள்ளே தீச்செங்கல்லுக்கு உயர்வெப்பம் தாங்கும் சாந்துதான் பயன்படுத்த வேண்டும் என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. இதைச் சிறிய எழுத்தில் போடாமல் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கலாம். செங்கல்களுக்கு இடையிலான சாந்து கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் கொத்தனார் ஒவ்வொரு செங்கல்லையும் ஈரத்துணியால் துடைத்து, சாந்தைத் தேனைவிடச் சற்றுக் கெட்டியான பதத்தில் மெல்லப் பூசி, வைத்து, மரச்சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே அடுத்ததை எடுத்தார். தீச்செங்கல் சுவருக்கும் வெளிக் கட்டைக்கும் நடுவே சிறு இடைவெளியும் விட்டார். சூடேறும் செங்கல் விரிய அந்த இடம் தேவை. அதைச் சாந்தால் அடைத்துவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே வெளிச்சுவர் பிளக்கும்.

தொகுப்பின் உள்வடிவமைப்பைப் பாராட்ட வேண்டும். அறையின் ஆழம் விதி கேட்கும் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறது. புகை குறுகி நுழையும் தொண்டைப் பகுதி, வாயின் மேல் விளிம்பிலிருந்து 8 அங்குலத்துக்கு மேலே அமைந்திருக்கிறது. மலிவான சில தொகுப்புகளில் இந்தத் தொண்டையே இல்லாமல், அறைக்கு மேல் நேராகக் குழாயை நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எரித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

புகைக்குழலின் அளவைப் பற்றி வாங்குபவர் தாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 36 அங்குலத்தை 30 அங்குலத்தால் பெருக்கினால் வாயின் பரப்பு 1080 சதுர அங்குலம். வட்டக் குழலாக இருந்தால் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 90 சதுர அங்குலம் குழலின் உட்பரப்பாக இருக்க வேண்டும். சதுரக் குழலாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு, 108 சதுர அங்குலம். பத்து அங்குல விட்டமுள்ள வட்டக் குழலின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர அங்குலம்தான். ஆகவே அது போதாது. பன்னிரண்டு அங்குலக் குழல் 113 வரை தருகிறது, அதுவே பொருந்தும். எங்கள் தொகுப்பில் பன்னிரண்டு அங்குலக் குழலே வந்தது. ஆனால் அதே கூடத்தில், இதே அளவு வாயுள்ள இன்னொரு தொகுப்புக்குப் பத்து அங்குலக் குழலைக் காட்டினார்கள். புகை போகப் போதிய வழி இல்லாவிட்டால் அது திரும்பி உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் வரும் என்பதால், இந்தக் கணக்கைப் போடாமல் முன்பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறை என்று சொல்ல வேண்டியது முன்தளத்தைப் பற்றியது. தீ வாய் 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் முன்னால் 16 அங்குலமும் இருபுறமும் 8 அங்குலமும் எரியாத தளம் போதும். 6 அல்லது அதற்கு மேல் என்றால் முன்னால் 20 அங்குலமும் இருபுறமும் 12 அங்குலமும் வேண்டும். எங்கள் வாயின் பரப்பு ஏழரைச் சதுர அடி. தொகுப்பில் வந்த முன்தளக் கல்லோ சிறிய அளவுக்கானது. சுற்றிலும் கல் பாவிய முற்றமாக இருந்தால் இது ஒரு பொருட்டில்லை. மரப்பலகைத் தளத்தை ஒட்டி வைப்பவர்களுக்கு இது பெரிய குறை. கொத்தனார் குழு தனியாகக் கல் வாங்கி அகலப்படுத்தித் தந்தது. அதற்கான செலவு எங்களைச் சேர்ந்தது.

உச்சி மூடியில் தீப்பொறி தடுக்கும் கம்பி வலை இருக்கிறது. அரை அங்குல உருண்டை நுழையக் கூடாது, ஆனால் எட்டில் மூன்று அங்குல உருண்டை தடையின்றிப் போக வேண்டும் என்பது வலைக்கண்ணுக்கான அளவு. கண் மிகச் சிறியதாக இருந்தால் கரி படிந்து வலையே அடைத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகில் செய்திருப்பதும், நான்கு திருகுகளைக் கழற்றினால் சுத்தம் செய்ய முடிவதும் நல்ல யோசனை.

கொத்தனார் குழுவைப் பற்றி மேலும் சில வார்த்தைகள். கட்டட அனுமதியை அவர்களே நகராட்சியில் வாங்கினார்கள். கடைக்கால் குழியில் கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் ஊற்றும் முன்பே ஆய்வாளரை வரவழைத்தார்கள். அனுமதி எதற்கு, பின்புறத்தில் கட்டுவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள்; அத்தகையவரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது. தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். இவர்களிடம் நான் கண்ட ஒரே குறை தாமதம். ஆனால் சாந்து இறுக வேண்டிய 28 நாள்களைக் குறைக்கச் சொன்னபோது அவர்கள் மறுத்துவிட்டதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது சரியான மறுப்பு.

இறுகிய பிறகும் முதல் தீயைப் பெரிதாக மூட்டக் கூடாது. கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும் தங்கியிருக்கும் ஈரம் திடீரென்று ஆவியானால் விரிசல் விழும். முதலில் சுள்ளிகளை மட்டும் வைத்துச் சிறிய தீ, அது முழுக்க ஆறிய பின் மறுநாள் அதைவிடச் சற்றுப் பெரியது என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். நாங்கள் அப்படியே செய்தோம். மயிரிழை போன்ற ஓரிரு கோடுகளைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. குளிர்ந்த குழலில் புகை மேலேற மறுக்கும்போது, ஒரு செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்துத் தொண்டைக்கு அருகே சிறிது நேரம் பிடித்தால் குழல் சூடேறி இழுக்கத் தொடங்கும். அதன்பின் இந்தக் கணப்பு இழுக்கும் விதம் மிகவும் திருப்தியானது. நல்ல காய்ந்த ஓக் விறகு எரியும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணைக் கசக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரமானி மலிவாகவே கிடைக்கிறது. கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்க்காமல், பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். ஈர விறகின் புகை குழலின் உட்சுவரில் கிரியோசோட் என்னும் தார் போன்ற படிவாக உறைகிறது. ஒருநாள் அது தானே பற்றிக்கொண்டால் புகைபோக்கி முழுவதும் எரியும். பழைய வேலி, மரத்தள பலகைகளை எரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டு முடியும் வரை அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு விற்ற பதப்படுத்திய மரங்களில் பெரும்பாலும் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றப்பட்டிருக்கிறது. அதன் புகையும் சாம்பலும் நஞ்சு. பாய்சன் ஐவி என்னும் நச்சுக் கொடி சுற்றிய கட்டையையும் எரிக்கக் கூடாது. அந்தப் புகை நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

சுவரிலிருந்தும் கூரை விளிம்பிலிருந்தும் பத்தடிக்கு மேல் தள்ளிவைக்க இடம் உள்ளவர்களுக்கு இந்தத் தொகுப்பை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். அடுத்தடுத்துச் சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸ்களில் வசிப்பவர்களுக்கு இது ஏற்றதன்று. அவர்கள் எரிவாயுவில் இயங்கும் சிறிய கணப்பைப் பார்க்கலாம், அதுவும் குடியிருப்போர் சங்கம் அனுமதித்தால். வாங்குபவர்கள் கொத்தனாருக்கான செலவோடு, மூடியுள்ள உலோகச் சாம்பல் வாளிக்கும், ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழ் பெற்ற புகைபோக்கித் துப்புரவாளரை வரவழைப்பதற்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும். சாம்பலுக்குள் தணல் சில நாள்கள்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல், அந்த வாளியை வீட்டிலிருந்தும் மரத்தளத்திலிருந்தும் தள்ளி வைத்து, முழுக்க ஆறிய பிறகே அப்புறப்படுத்துங்கள்.