கூரையை அறுப்பதா, மேலே கூடாரம் மாட்டுவதா?

ஆஃப்ரோடு எஸ்யூவியில் படுக்க இடம் வேண்டுமென்றால் இரண்டு வழிகள். கூரையை அறுத்து, மேலெழும் பாப்-அப் கூட்டைப் பொருத்தலாம். அல்லது கூரைமேல் பொருத்தும் சாமான் சட்டமான ரேக்கின் மேல் கூடாரத்தை மாட்டலாம்.

கூடாரம் சுலபம். சில போல்ட்டுகள், அரைநாள் வேலை. வண்டியை விற்கும்போது கழற்றிக்கொள்ளலாம். ஆனால் அதன் எடை பெரும்பாலும் 50 முதல் 80 கிலோ. வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடையைக் கையேட்டில் பாருங்கள். பல வண்டிகளில் அது 100 கிலோவைத் தாண்டாது, ரேக்கும் அதற்குள்தான் அடங்க வேண்டும். உச்சியில் பாரம் ஏறினால் சரிவான பாதையில் வண்டி ஆடும். மழை ராத்திரியில் ஏணி இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அறுப்பது வேறு ரகம். கூரையின் குறுக்குச் சட்டங்கள் வெறும் தகரத்துக்கு முட்டுக்கொடுப்பவை அல்ல. வண்டியின் உடல் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்பவை. அவற்றை எடுத்தால் திறப்பைச் சுற்றி இரும்புச் சட்டம் அடித்தே ஆகவேண்டும். ஓரங்களில் கர்ட்டன் ஏர்பேக் (மோதலில் ஜன்னல் பக்கம் திரைபோல் விரியும் காற்றுப்பை) ஓடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் ரம்பத்தைக் கொண்டுபோகாதீர்கள். அப்புறம், வேறு வண்டிக்குச் செய்த கூடு உங்கள் கூரையின் வளைவில் சரியாக உட்காராது. இடையில் ஃபைபர் கிளாஸ் சட்டம் வார்த்து, பாலியூரித்தேன் பசையால் ஒட்ட வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒழுகும்.

இவ்வளவுக்கும் கிடைப்பது, உள்ளேயே நிமிர்ந்து நிற்கும் சுகம். மாதக்கணக்கில் வண்டியிலேயே வாழ்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாரக்கடைசிப் பயணிக்குக் கூடாரம் போதும்.