ஒற்றைப் பாடமா, பல்துறைப் பட்டமா? பேரேட்டை வைத்து ஒரு சோதனை

ஒரு நாட்டின் அடையாளத்தையும் பண்பாட்டையும் பட்டப்படிப்பாகவே படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இன்று மூன்று வழி இருக்கிறது. ஒன்று, வரலாறோ தமிழோ பொருளியலோ ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து காரைக்குடி, சிவகங்கை பக்கத்துக் கலைக் கல்லூரியில் மூன்று வருடம் படிப்பது. இரண்டு, தனியார் பல்கலைக்கழகங்களின் லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு. மூன்று, ஒரு நாட்டையோ பிராந்தியத்தையோ நடுவில் வைத்து, அதன் வரலாறு, இலக்கியம், அரசியல், மானுடவியல், மொழி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் பட்டம். அமெரிக்க ஆய்வுகள், தெற்காசிய ஆய்வுகள், இந்திய ஆய்வுகள் என்ற பெயர்களில் வெளிநாடுகளில் நடப்பது இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் முதல் வழி, டிகிரி முடித்த பிறகு மூன்றாவது. இரண்டாவது வழி வசதி உள்ளவர்களுக்கு, அல்லது முழு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு.

மூன்றின் பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே பிரமாதமாகத்தான் தெரியும். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். அதனால் அதை நம்பாமல், செட்டிநாட்டுச் சரக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பர்மாவின் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த ஒரு நகரத்தார் (செட்டியார்) வீட்டின் பழைய பேரேடு, அதாவது கணக்குப் புத்தகம். இந்தப் படிப்பை முடித்த பிள்ளை அதைத் திறந்தால் எவ்வளவு பிடிபடும்?

பேரேட்டில் முதலில் கண்ணில் படுவது விலாசம், அதாவது கடையின் பெயர்க்குறி. முதலாளியின் முழுப்பெயர் இருக்காது, இரண்டு மூன்று முதலெழுத்துகள்தான். தொகைகள் தமிழ் எண்களில். காணி (1/80), முந்திரி (1/320) மாதிரி பின்னங்கள் தெரியாவிட்டால் பாதிக் கணக்கு புரியாது. நடப்பு வட்டி ஒன்று, தவணை வட்டி ஒன்று. கடையை நடத்தும் மேலாள் பேரிலும் அவருக்குக் கீழுள்ள அடுத்தாள் பேரிலும் பற்று. இடையில் மகமை என்று கோயிலுக்கு ஒதுக்கிய தொகை. தண்டாயுதபாணி பேரிலும் கணக்கு இருக்கும். சாமி பணமும் வட்டிக்குப் போய் வரும்.

தமிழ் படித்த பிள்ளைக்குக் கொஞ்சம் பழகினால் எழுத்து பிடிபட்டுவிடும். ஆனால் நடப்பு வட்டி ஏன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்று சொல்லத் தெரியாது. ரங்கூனில் இருந்த செட்டியார்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி அதை முடிவு செய்தார்கள். அது ஒரு பணச் சந்தை. அந்த இடத்தில் பொருளியல் படித்தவர்தான் பேச முடியும். 1930-க்குப் பிறகு பேரேட்டில் கடன் வரவுகள் குறைந்து நிலக் கணக்குகள் பெருகுவது ஏன் என்பதற்கும் அவரிடம் பதில் உண்டு. உலக மந்தத்தில் அரிசி விலை விழுந்தது, விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதம் நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் அது சுமார் 25 சதவீதம். 1942-ல் ஜப்பான் படை வந்ததும் கணக்கு ஏன் நின்றுபோகிறது என்பதை வரலாறு படித்தவர் சொல்வார். பங்காளி யார், சம்பந்தி யார், ஒவ்வொரு புள்ளியும் (கோயிலுக்கு வரி கட்டும் குடும்பம்) நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளில் எதைச் சேர்ந்தது, அதற்கும் கடன் நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்பது மானுடவியல் சமாச்சாரம்.

ஆக ஒரே பேரேட்டுக்கு நான்கு துறை வேண்டும். பல்துறைப் பட்டத்துக்கு இதைவிட நல்ல வக்காலத்து கிடையாது. ஆனால் நான்கிலும் இரண்டிரண்டு பேப்பர் படித்தவர் அந்தப் பேரேட்டின் முன்னால் உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவார். எண்ணே படிக்கத் தெரியாதே! ஏதாவது ஒன்றையாவது ஆழமாகக் கற்ற கை வேண்டும். அந்தக் கை இருந்தால் மற்றவற்றைக் கேட்டும் படித்தும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வழிக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

அதற்காக உள்ளூர் பி.ஏ.வைத் தூக்கிப்பிடிக்கவில்லை. பல இடங்களில் நடப்பது நோட்ஸ் மனப்பாடம், இன்டர்னல் மார்க், செமஸ்டர் முடிந்ததும் மறதி. மொகலாயர் நிர்வாகத்தைப் பத்து மார்க்குக்கு எழுதும் பிள்ளை, தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் இளையாத்தங்குடிக் கோயிலின் கல்வெட்டை எட்டிப் பார்த்திருக்காது. கீழடி இருப்பதும் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான். துணைப்பாடம் என்று ஒன்று இருந்தாலும், பிள்ளை விருப்பப்பட்டதை எடுக்க வாய்ப்பு குறைவு. கல்லூரி வைத்திருப்பதுதான். ஆனால் ஒன்று: மிச்ச நேரம் உங்களுடையது. பேரேடும் வீடும் கோயிலும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பின்ன வாய்பாட்டை அவர்களிடமே கற்கலாம்.

இரண்டாவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2014-ல் சோனிபத்தில் தொடங்கிய அசோகா போன்ற பல்கலைக்கழகங்களில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வகுப்பு சிறியது, எழுதப் பழக்குகிறார்கள். எந்தப் பாடத்தை எதோடும் சேர்த்து எடுக்கலாம். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை வந்த பிறகு நான்கு வருடப் படிப்பு வடக்கே பரவலாகியும் விட்டது. குறை என்னவென்றால், இவற்றில் பெரும்பாலும் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். செட்டிநாட்டுப் பிள்ளை அங்கே போய் பண்பாடு பற்றிய கோட்பாடுகளைக் கற்றுத் திரும்பும்போது, அந்தப் பண்பாடு எழுதி வைத்திருப்பதைப் படிக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். வருடத்துக்குப் பல லட்சம் வேறு. இங்கே அரசுக் கல்லூரியில் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கையிலும் வரும்.

மூன்றாவது வழிதான் இதில் ருசியானது. அதன் பிறப்பே சுவையான கதை. 1930-களில் ஹார்வர்டிலும் யேலிலும் சிலர், இலக்கியத் துறை ஒரு பக்கமும் வரலாற்றுத் துறை ஒரு பக்கமும் இழுத்தால் 'அமெரிக்கர் என்றால் யார்' என்ற கேள்விக்குப் பதில் வராது என்று இரண்டையும் சேர்த்தார்கள். அப்படி வந்ததுதான் அமெரிக்க ஆய்வுகள். பிறகு பனிப்போர் வந்தது. மற்ற நாடுகளையும் இப்படியே மொத்தமாகப் படிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 1958-ல் ஒரு சட்டம் போட்டு மொழிப் படிப்புக்கும் பிராந்திய ஆய்வு மையங்களுக்கும் பணம் கொட்டியது. நம் ஊருக்கு வந்த கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கட்டிய பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தங்கள் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் புத்தகங்களும் அப்படிக் கப்பலேறின. ஒரு நாட்டைப் படிப்பது எப்போதும் அறிவுத் தாகத்தால் மட்டும் நடப்பதில்லை. யார் பணம், எதற்கு என்று கேட்டுவிட்டுப் படிப்பது நல்லது. சொல்லப்போனால் அப்படிக் கேட்கக் கற்றுத்தருவதும் இதே துறைதான்.

செட்டிநாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பே உண்டு. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அது கடல் கடந்து போகாமல் 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நின்றதுதான் நம் அதிர்ஷ்டம். நாடக நோட்டீஸுக்கு என்ன மதிப்பு என்பது, இலக்கியத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கோ அரசியலை மட்டும் பார்க்கிறவர்களுக்கோ தெரிந்திருக்காது. தெற்காசியாவை மொத்தமாகப் படித்த ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தது.

இந்தப் பட்டத்தின் இன்னொரு பலம், நம்மை நம் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திப் பார்க்க வைப்பது. காரைக்குடியில் பர்மா என்றால் தேக்குத் தூண், கவுனி அரிசி, ஐயா காலத்துச் செல்வம், 1942-ல் நடந்தே வந்த கதை. அதே காலத்தைப் பர்மிய விவசாயியின் பக்கத்திலிருந்து படித்தால் வேறு படம்: கையைவிட்டுப் போன நிலம், 1930-ல் சயா சான் தலைமையில் வெடித்த விவசாயிகள் கிளர்ச்சி, இந்தியர்களுக்கு எதிரான 1938 கலவரம், விடுதலைக்குப் பிறகு 1948-ல் வந்த நில தேசியமயச் சட்டம். தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் சேர்த்துப் படிக்கிற இடத்தில் இரண்டு படமும் ஒரே மேசைக்கு வரும். ஊரில் மட்டும் படித்தால் ஒரு படம்தான். அதேபோல் 'செட்டிநாட்டு அடையாளம்' என்றதும் சுற்றுலா விளம்பரத்தில் வருவது பெரிய வீடும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் மிளகுக் கோழியும். அந்த வீட்டின் தூணைச் செதுக்கிய ஆசாரி, சுண்ணாம்பு அரைத்த பெண்கள், முகப்பைத் தாண்டி உள்ளே அழைக்கப்படாதவர்கள் இவர்களுடைய செட்டிநாடு எங்கே என்று கேட்கவும் இந்தப் படிப்புதான் பழக்குகிறது. யுனெஸ்கோ 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்தபோது கொடுத்த தலைப்பிலேயே வணிகர்கள்தான் இருக்கிறார்கள்.

வெளிநாடு என்றதும் அமெரிக்காவும் லண்டனும்தான் என்று நினைக்க வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறை 1956-லிருந்து நடக்கிறது, தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் தலைமை வகித்த துறை அது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வுகள் இருக்கிறது. நம் ஆட்கள் கடை போட்ட ஊர்கள், கோயில் கட்டிய ஊர்கள். ஆய்வுக்கு வேண்டியதும் அங்கேயே கிடக்கிறது.

சரி, வேலை? என் தங்கை மகளும் இந்தக் கேள்வியோடுதான் வந்தாள். "அம்மான், இதைப் படிச்சா என்ன உத்தியோகம்னு ஆயா கேக்குறாக. நீங்களே சொல்லிருங்க" என்றாள். அவளுடைய ஆயா என் ஆத்தா. ஆத்தாவுக்குப் பதில் சொல்வது டி.என்.பி.எஸ்.சி. இன்டர்வியூவைவிடக் கஷ்டம். அந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டமும் போதும், அதில் வித்தியாசம் இல்லை. ஆசிரியர் வேலைக்குத்தான் சிக்கல். பி.ஏ. வரலாறு, பி.எட். என்று வந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பட்டத்தின் பெயர் புதிதாக இருந்தால் வழக்கமான பட்டத்துக்கு இது சமம் என்று சொல்லும் இணைத்தன்மைச் சான்று வாங்க அலைய வேண்டிவரும். கல்லூரி வேலைக்கான நெட் தேர்வில் சர்வதேச, பிரதேச ஆய்வுகளும் இந்தியப் பண்பாடும் தனிப் பாடங்களாகவே இருப்பதால், முதுகலையில் பல்துறைக்குப் போவதில் அந்தப் பயம் குறைவு. நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை இவற்றில் வாய்ப்பு உண்டு. ஆனால் எண்ணிக்கை கொஞ்சம்தான், அதை மறைத்துப் பயனில்லை.

அவளுக்கு நான் சொன்னது: பி.ஏ.வுக்கு வரலாறு எடு, கூடவே பழைய தமிழ் எண்ணையும் கல்வெட்டு எழுத்தையும் கற்றுக்கொள், மூன்றாம் வருடத்தில் வெளியே விண்ணப்பம் போடு. பர்மிய மொழியோ மலாயோ ஒன்றை முதுகலையில் பிடித்துக்கொண்டால் போட்டிக்கு ஆளே இருக்காது.

பல்துறைப் பட்டத்துக்கு இப்போதே போகிறோம் என்று தீர்மானித்தவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். அந்த நாட்டு மொழி கட்டாயமா, எத்தனை வருடம்? களப்பணி உண்டா, இல்லை வகுப்பறையோடு சரியா? போன வருடம் முடித்தவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகள் என்ன? தலைப்புகளை மட்டும் எப்படியாவது வாங்கிப் பாருங்கள். அதில் ஓர் ஊர், ஒரு வருடம், ஓர் ஆவணத்தின் பெயர் வந்தால் சேரலாம். 'அடையாளமும் உலகமயமாதலும்' என்ற ரீதியிலேயே பத்தும் இருந்தால், அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து முதுகலைக்குச் செலவழியுங்கள்.