சிக்கிமுக்கித் துப்பாக்கிக் குழலோடு ஆறு வருடம்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு பிளின்ட்லாக் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டைக்காலம் உண்டு. அதற்காகத்தான் .50 காலிபரில் (குழல் துளை அரை அங்குலம்) ஒன்று வாங்கினேன். சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிப்பது. மருந்து, குண்டு எல்லாம் குழலின் வாய் வழியாகத்தான் கெட்டிக்க வேண்டும்.

முதல் வருடம் அழாத குறை. 50 கெஜத்தில் மூன்று குண்டு உள்ளங்கை அகலத்துக்குள் விழும். நாலாவது எங்கோ போகும். ஆறாவது பாதிக் குழலிலேயே இறுகிக்கொள்ளும். மருந்தின் அளவை மாற்றினேன், குண்டைச் சுற்றும் துணியை மாற்றினேன். கோளாறு குழலுக்குள் இருந்தது.

கருமருந்து முழுதாக வாயுவாகிவிடுவதில்லை. எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் ஒரு பங்கு குழலுக்குள் கசடாகப் படிகிறது. வறண்ட நாளில் ஓடு மாதிரி இறுகும், ஈரமான நாளில் களிம்பாகும். ஒரு கடையில் சொன்னார்களே என்று துணியில் பெட்ரோலிய எண்ணெய் தடவிப் பார்த்தேன். தார் பூசியது போலாயிற்று. இப்போது தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் கலந்ததுதான்.

குறி பார்த்துப் பழகும்போது ஒவ்வொரு வெடிக்கும் பிறகு லேசாக ஈரமான துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று விடுகிறேன். எச்சில் ஈரமே போதும். சொட்டச் சொட்ட நனைத்தால் கசடு அடிப்பக்கம் போய், நெருப்பு உள்ளே போகும் சிறு துளையை அடைத்துவிடும். அப்புறம் வெளியே பொறி விழும் மருந்துத் தட்டில் மட்டும் புஸ், குழலில் மௌனம். அப்படி ஆனால் ஒரு நிமிடமாவது குழல் வாயை இலக்கை விட்டுத் திருப்பாதீர்கள், தாமதமாகவும் வெடிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், அன்றைக்கே கழுவ வேண்டும். முதலில் குண்டு கெட்டிக்கும் கம்பை விட்டுக் குழல் காலி என்று உறுதி செய்வேன்; காலிக் குழலின் ஆழத்துக்குக் கம்பில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு போதும். கொதிநீர் ஊற்றிய காலத்தில் துடைத்து முடிப்பதற்குள் துணியில் செம்பழுப்பாகத் துரு வந்தது. காயவைத்து மெல்லிய எண்ணெய் பூசி, மறுநாள் இன்னொரு துணி விடுவேன். பழுப்பு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

கம்பு உரசி வாய் விளிம்பு தேய்ந்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் குறி தேறாது. வாயில் பொருத்தும் பித்தளை வழிகாட்டி நான் வாங்கியதிலேயே மலிவான, உருப்படியான சாமான்.

எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது இதுதான்: பளபளப்பு முக்கியமில்லை, ஒவ்வொரு குண்டுக்கும் குழல் ஒரே நிலையில் இருக்க வேண்டும். காட்டில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வெடி, அதுவும் சுத்தமான குளிர்ந்த குழலிலிருந்து. என் துப்பாக்கியில் அந்த முதல் குண்டு மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் இடப்பக்கம் போகும். ஆகவே ஒரு முழு மதியம், ஒரு வெடி, முழுச் சுத்தம், ஆல்கஹால் துணியால் எண்ணெய் நீக்கம், குழல் ஆறியதும் அடுத்த வெடி என்று பத்து முறை செய்து, குழலின் பின்பக்கக் குறிகாட்டியை மயிரிழை தட்டி வலப்பக்கம் நகர்த்தினேன். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை.