எழுத்து மையமா, துறைசார் பாடமா?

மாணவரின் கல்விசார் எழுத்தை வளர்க்க ஆசியப் பல்கலைக்கழகங்கள் பலவும் இரு வழிகளைக் கையாள்கின்றன. ஒன்று, மாணவர் தாமே நாடிச் செல்லும் எழுத்து மையம். மற்றொன்று, பாடத்திட்டத்தில் கட்டாயமாக இடம்பெறும் மொழிப் பாடம்.

டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகம் 2004-இல் தொடங்கிய மையம் முதல் வழிக்கு நல்ல சான்று. மாணவர் கொண்டுவரும் வரைவைப் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர், பெரும்பாலும் ஒரு முதுநிலை மாணவர், 45 நிமிடம் உடனிருந்து படித்து, வாதம் எங்கே தளர்கிறது, சான்று எங்கே போதவில்லை என்பதைக் கேள்விகளால் உணர்த்துகிறாரே தவிர, பிழைகளைத் தாமே திருத்திக் கொடுப்பதில்லை. கட்டுரையைவிட எழுதுபவரை வளர்ப்பதே நோக்கம் என்ற இக்கொள்கையை அமெரிக்காவில் எழுத்துக் கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் நார்த் 1984-இல் வலியுறுத்தினார். ஆசிரியர் சொல்லே முடிவென்று பழகியவர்களுக்கு, கேள்விகளோடு மட்டும் திரும்புவது முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். ஆயினும் ஜப்பானிய மொழிக் கட்டுரைகளையும் ஏற்பதன்மூலம், எழுத்துச் சிக்கல் யாவும் ஆங்கிலச் சிக்கலே என்னும் எண்ணத்தை வசேதா மறுக்கிறது. இதுவே அதன் பெரும்பலம் என்பேன்.

ஹாங்காங் பல்கலைக்கழகமோ, 2012-இல் இளநிலைப் படிப்பு நான்காண்டாக நீண்டதையொட்டி, பொது ஆங்கிலத்துக்குப் பின் அந்தந்தத் துறைக்குரிய ஆங்கிலத்தையும் பாடமாக்கியது. சட்ட மாணவரும் பொறியியல் மாணவரும் தத்தம் துறையின் எழுத்து மரபைக் கற்கின்றனர். உதவி கேட்கக் கூச்சப்படுபவரையும் இவ்வழி எட்டிவிடுகிறது. இளநிலை மாணவர் பெருந்திரளுக்கு இதுவே தகும். ஆய்வேட்டோடு தனியே போராடுபவருக்கு வசேதாவின் 45 நிமிடமே கூடுதலாகப் பயன்படும்.