பங்காளி வீட்டில் ஒரு மணி நேரம்: லாம்போ ஃபீல்ட் அரங்கச் சுற்று, ஒரு மதிப்புரை

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் இருக்கும் லாம்போ ஃபீல்ட் அரங்கை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும் ஒரு மணி நேரச் சேவையையும், அதே கட்டடத்துக்குள் அமைந்துள்ள, அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸின் புகழ்மண்டபத்தையும் பற்றி எழுதுகிறேன். நாங்கள் குடியிருப்பது சிகாகோவின் புறநகரில். அங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் சிகாகோ பேர்ஸ் அணியின் தீவிர ரசிகை. ஆகவே எதிரணியின் கோட்டைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அவள் முகம் போன போக்கை இங்கே விவரிக்கத் தேவையில்லை. போய் வந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தச் சுற்றின் முழுச் சுவையையும் பெறக்கூடியவர்கள் பேக்கர்ஸ் ரசிகர்களைவிடப் பேர்ஸ் ரசிகர்களே. அதிலும் ஆட்டம் இல்லாத நாளில்தான் போக வேண்டும். ஆட்ட நாளில் எண்பதாயிரம் பேருடைய கூச்சலுக்கு நடுவே பகை மட்டும்தான் காதில் விழும். அரங்கம் காலியாக இருக்கும்போதுதான் அந்தப் பகைக்கு அடியில் கிடக்கும் உறவு தெரிகிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஓர் இடைத்தரகர் இணையதளத்தில் வாங்கினேன். சேவைக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று அவர்கள் அடுக்கியதில் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. அரங்கின் முன்கூடத்திலேயே சீட்டு விற்கிறார்கள் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. என் அவசரத்துக்கு நான் கொடுத்த விலை அது.

சிகாகோவிலிருந்து மில்வாக்கி வழியாக வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிச் சென்றால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சாதாரணக் குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே அரங்கம் எழுந்து நிற்கிறது. சாலையைக் கடந்தால் எதிரில் வீடுகள். ஆட்ட நாட்களில் அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியில் கார் நிறுத்த இடம் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1,07,000. அரங்கில் 81,441 பேர் அமரலாம். பருவச்சீட்டுகள் 1960 முதல் ஒவ்வோர் ஆண்டும் முழுதும் விற்றுப்போய்விடுவதால், அதற்காகக் காத்திருப்போரின் பெயர்ப் பட்டியல் ஊரின் மக்கள்தொகையைவிட நீளமானது. குழந்தை பிறந்ததும் பெயரைப் பட்டியலில் பதிந்துவிடுகிற பெற்றோர் இங்கே உண்டு. சிகாகோ போன்ற பெருநகரத்தோடு இவ்வளவு சிறிய ஊர் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சரிக்குச் சரி மோதிக்கொண்டிருக்கிறது என்பதை உணர, இந்தத் தெருக்களில் பத்து நிமிடம் நடந்தாலே போதும்.

எங்கள் குழுவில் இருபது பேர் இருந்திருப்போம். வழிகாட்டி ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போலத் தோன்றிய ஒரு முதியவர். முதல் வேலையாக, "இங்கே பேர்ஸ் ரசிகர் யாராவது உண்டா?" என்று கேட்டார். மகள் கையைத் தூக்கினாள். "பரவாயில்லை, சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம்" என்றார் அவர். அந்தக் கணத்திலிருந்து சுற்று முடியும்வரை அவர் பேசியதில் பாதி அவளை நோக்கியே இருந்தது. உண்மையில் எங்கள் வருகைக்குச் சுவை சேர்த்தது அதுதான்.

இரு அணிகளும் முதன்முதலாக மோதியது 1921 நவம்பர் 27 அன்று, இன்று ரிக்லி ஃபீல்ட் எனப்படும் சிகாகோ மைதானத்தில். அப்போது சிகாகோ அணிக்கு ஸ்டேலிஸ் என்று பெயர். டிகேட்டர் நகரின் ஒரு மாவுப்பொருள் நிறுவனத்தின் அணியாகத் தொடங்கியது அது. பேக்கர்ஸ் என்ற பெயரும் 1919இல் சீருடைக்குப் பணம் கொடுத்த இறைச்சி அடைப்பு நிறுவனத்திடமிருந்து வந்ததுதான். ஸ்டேலிஸ் 20–0 என்று வென்ற அந்த முதல் ஆட்டத்திலேயே, டார்சான் டெய்லர் என்ற சிகாகோ வீரர் பேக்கர்ஸின் கப் பக் என்பவரின் மூக்கில் குத்தி எலும்பை உடைத்தார். பகைக்குப் பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

ஆனால் நான் இந்தச் சுற்றைப் பரிந்துரைப்பதற்கான காரணம் அந்தக் குத்து அல்ல, 1956ஆம் ஆண்டு. அதுவரை பேக்கர்ஸ் ஆடியது ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய மரப்பலகை அரங்கில். லீக் வளர்ந்துகொண்டிருந்தது, வெளியூர் அணிகளுக்கு அந்தச் சிறிய அரங்குக்கு வந்து ஆடுவதில் விருப்பமில்லை, புதிய அரங்கம் கட்டாவிட்டால் அணி முழுவதுமாக மில்வாக்கிக்குப் போய்விடும் நிலை. நகராட்சி கடன்பத்திரம் வெளியிட்டு 9,60,000 டாலர் திரட்டலாமா என்று ஏப்ரல் 3 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த முடிவாயிற்று. வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு கிரீன் பேயில் நடந்த ஆதரவுக் கூட்டத்தில் மேடையேறி, இந்த அரங்கத்துக்கு வாக்களியுங்கள் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டவர் ஜார்ஜ் ஹாலஸ். பேர்ஸ் அணியைத் தொடங்கியவர், அதன் உரிமையாளர், பல்லாண்டு அதன் பயிற்றுநர், கிரீன் பேக்காரர்கள் மனதார வெறுத்த மனிதர் அவர். வந்தது வெறும் பெருந்தன்மையாலா என்றால் இல்லை; வருகை அணிக்கும் வசூலில் பங்கு உண்டாகையால் பெரிய அரங்கம் அவருக்கும் லாபம்தான். ஆனாலும், எதிரி செத்தால் தன் பிழைப்பும் படுத்துவிடும் என்று தெரிந்து வைத்திருந்த பங்காளியின் கணக்கு அது. வாக்கெடுப்பு இரண்டுக்கு ஒன்றுக்கும் மேலான பெரும்பான்மையில் நிறைவேறியது. 1957 செப்டம்பர் 29 அன்று அரங்கம் திறந்தபோது முதல் ஆட்டத்துக்கு வந்த எதிரணி பேர்ஸ். துணை அதிபர் நிக்சன் பார்வையாளராக வந்திருந்தார். பேக்கர்ஸ் 21–17 என்று வென்றது. ஹாலஸ் கேட்டுக் கட்டவைத்த அரங்கில் ஹாலஸின் அணியே முதலில் தோற்றது.

வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் மகள் என் காதருகே வந்து, "அப்பா, அப்போ இந்த ஸ்டேடியத்துல நமக்கும் ஒரு பங்கு இருக்குல்ல?" என்றாள். எனக்குச் சொல்ல மறுமொழி இல்லை.

மேல் தளத்திலிருந்து கீழே பார்த்தால் ஆடுகளத்தைச் சுற்றிக் கிண்ணம் போலப் படிவரிசைகள். பெரும்பாலானவை முதுகுச் சாய்வு இல்லாத அலுமினியப் பலகைகள். டிசம்பரில் அவற்றின் மேல் உட்காருவது எப்படி இருக்கும் என்று யோசிக்கவே உடம்பு சிலிர்க்கிறது. அங்கே நின்றபடி வழிகாட்டி இரண்டு ஆட்டங்களைப் பற்றிச் சொன்னார். இரண்டும் இதே களத்தில் நடந்தவை. இரண்டும் 14–13 என்று முடிந்தவை.

முதலாவது 1989 நவம்பர் 5. பேர்ஸ் தொடர்ந்து எட்டு முறை பேக்கர்ஸைத் தோற்கடித்திருந்த காலம். கடைசி நிமிடத்தில், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில், பேக்கர்ஸின் டான் மஜ்கவ்ஸ்கி எறிந்த பந்தை அவருடைய சக வீரர் ஸ்டெர்லிங் ஷார்ப் புள்ளி தரும் எல்லைப் பகுதிக்குள் பிடித்தார். ஆனால் பந்து ஆட்டத்துக்கு வந்த கோட்டைத் தாண்டிச் சென்று எறிந்துவிட்டார், அது விதிமீறல் என்று நடுவர் கொடி வீசிவிட்டார். அரங்கம் மௌனத்தில் உறைய, ஒளிப்பதிவை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்த மறுஆய்வு அதிகாரி, எறிந்தது செல்லும் என்றார். பேர்ஸ் நிர்வாகம் அதை மனதார ஏற்கவே இல்லை; பல ஆண்டுகள் தங்கள் ஊடகக் கையேட்டில் அந்த முடிவுக்கு அருகே ஒரு நட்சத்திரக் குறி போட்டு அச்சிட்டு வந்தார்கள். தோல்வியை அடிக்குறிப்பாக்கி வைத்திருந்த அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாவது 1999 நவம்பர் 7. இம்முறை பத்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றிருந்தது பேர்ஸ். அணியின் மாபெரும் ஓட்டவீரர் வால்டர் பேட்டன் இறந்து ஆறு நாட்களே ஆகியிருந்தன. கடைசி நொடிகளில் பேக்கர்ஸின் ரயன் லாங்வெல் 28 கெஜத்திலிருந்து பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு ஃபீல்ட் கோல் போட்டால் போதும், ஆட்டம் முடிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கக்கூடிய தூரம் அது. எதிரே பிரையன் ராபின்சன் எழும்பிக் கையை நீட்டினார்; பந்து தட்டுப்பட்டு விழுந்தது. பேட்டன்தான் தன்னைத் தூக்கிவிட்டதாக ராபின்சன் பிறகு சொன்னார். பேக்கர்ஸ் சீருடை அணிந்த அந்த முதியவர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டதைக் கவனித்தேன். பங்காளி வீட்டுச் சாவுக்குத் தலைகுனிவது எந்த ஊரிலும் ஒன்றுதான் போலும்.

உடனே சமன் செய்துகொள்ள 1980 செப்டம்பருக்குப் போனார். கூடுதல் நேரத்தில் செஸ்டர் மார்கால் உதைத்த பந்தை பேர்ஸின் ஆலன் பேஜ் தடுத்தார். தடுக்கப்பட்ட பந்து திரும்ப வந்து கண்ணாடி அணிந்த அந்த உதைப்பாளரின் கையிலேயே விழ, அவர் திகைப்போடு 25 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டார். 12–6, பேக்கர்ஸின் பன்னிரண்டு புள்ளிகளும் அவருடையவை. தடுத்த ஆலன் பேஜ் பிற்காலத்தில் மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியானார் என்பது உபரிச் செய்தி. குழு கைதட்டி முடிந்ததும் என் மகள், "அதே வருஷம் டிசம்பர்ல?" என்று கேட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, "61–7" என்று தாமே ஒப்புக்கொண்டார். சிகாகோவில் பேர்ஸ் நடத்திய படுகொலை அது. 1962இல் பேக்கர்ஸ் 49–0 என்று வென்றதை அவரும் விடாமல் நினைவூட்டினார்.

அடுத்து வீரர்கள் களத்துக்கு ஓடிவரும் சுரங்கவழி. ஒலிபெருக்கியில் கூட்டத்தின் ஆரவாரத்தை ஓடவிட்டு நம்மை அதன் வழியே நடக்க வைக்கிறார்கள். சற்று நாடகத்தனம்தான், ஆயினும் வேலை செய்கிறது. தரையில் ஓரிடத்தில் பழைய கான்கிரீட் துண்டு ஒன்றைப் பெயர்த்தெடுத்துப் பதித்திருக்கிறார்கள். பேக்கர்ஸின் புகழ்பெற்ற பயிற்றுநர் வின்ஸ் லொம்பார்டியின் காலத்து வீரர்கள் மிதித்து ஓடிய அதே தரை. சுற்றிலும் உள்ள புதுக் கான்கிரீட்டைவிட நிறம் மங்கி, சொரசொரப்பாக இருக்கிறது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். மகள் அதை மிதிக்காமல் கவனமாகத் தாண்டிப் போனாள். மரியாதையா, மறுப்பா என்று நான் கேட்கவில்லை.

களத்தின் ஓரம்வரைதான் அனுமதி, புல்லை மிதிக்கக் கூடாது. அடியில் வெப்பக் குழாய்கள் ஓடுகின்றன. இதற்கு முன்னோடியாக 1967இல் லொம்பார்டி 80,000 டாலர் செலவில் ஒரு மின்வெப்ப அமைப்பைப் பதித்தார். அதை விற்ற ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் விற்பனையாளர் யார் தெரியுமா? பேர்ஸ் ஹாலஸின் சகோதரர் மகன். அவர் பெயரும் ஜார்ஜ் ஹாலஸ். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று, மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரில் டல்லாஸ் அணியுடன் நடந்த பட்டத்துக்கான ஆட்டத்தில் அந்த அமைப்பு கைவிட்டுக் களம் பாறையாக உறைந்தது. பேக்கர்ஸ் எப்படியோ வென்றுவிட்டது. இல்லாவிட்டால் இது ஹாலஸ் குடும்பம் வைத்த செய்வினை என்றே ஊர் பேசியிருக்கும்.

புகழ்மண்டபத்தை அவரவர் வேகத்தில் பார்க்கலாம். லொம்பார்டியின் அலுவலக மாதிரியும் நான்கு சூப்பர் பௌல் கோப்பைகளும் கட்டாயம் காண வேண்டியவை. மற்றவற்றில் நேரம் செலவிடுவது உங்கள் ஈடுபாட்டைப் பொறுத்தது. நான் அதிக நேரம் நின்றது அணியின் உரிமை முறையைப் பற்றி வாசித்த இடத்தில்தான். பேக்கர்ஸுக்கு முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு லாப ஈவும் கிடையாது, பங்கை விற்கவும் முடியாது. 2021இல் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் டச்டவுன் போட்ட ஆரன் ராட்ஜர்ஸ் கூட்டத்தைப் பார்த்து, இன்னமும் உங்களுக்கு நான்தான் சொந்தக்காரன் என்ற பொருள்படக் கத்தியது நினைவுக்கு வந்தது. முதலாளியே இல்லாத அணியின் வீரர் அடுத்த ஊரைச் சொந்தம் கொண்டாடினார்! பல்லாண்டுகளாக மொத்தக் கணக்கில் பேர்ஸின் கையே ஓங்கியிருந்து, 2017இல்தான் பேக்கர்ஸ் முந்தியது என்பதால் அந்தச் சொல் இன்னும் ஆழமாகத் தைத்தது.

உணவைப் பற்றி ஒரு வரி: அருகில் ஓர் உணவகத்தில் சீஸ் கர்ட்ஸ் எனப்படும் பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகள் வாங்கினோம், ஆறிப்போய் ரப்பராக இருந்தது. சுடச்சுடப் பொரித்துக் கொடுக்கும் இடமாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக அரங்கக் கடை. விஸ்கான்சின்காரர்களை, சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தார் "சீஸ்ஹெட்" (பாலாடைக்கட்டித் தலையர்) என்று ஏளனம் செய்வது வழக்கம். 1987இல் ரால்ஃப் புரூனோ என்ற மில்வாக்கி இளைஞர், அம்மாவின் சோபாவிலிருந்த நுரைப்பஞ்சை வெட்டி மஞ்சள் நிற பாலாடைக்கட்டித் துண்டு போல ஒரு தொப்பி செய்து, வசவையே மகுடமாக்கிக்கொண்டார். அந்தத் தயாரிப்பு நிறுவனத்தையே 2023இல் பேக்கர்ஸ் வாங்கிவிட்டது. கையில் எடுத்தால் எடையே இல்லை. தலையில் வைத்தால் கதவு நிலையில் இடிக்கும் அளவுக்கு அகலம். கோடையில் நெற்றி வியர்த்துவிடுகிறது. நான் ஒன்று வாங்கினேன். இல்லினாய்ஸ் எல்லையைத் தாண்டும்போது அது கண்ணில் படக் கூடாது என்பது மகளின் நிபந்தனை. இன்றுவரை கார் டிக்கியில், ஸ்டெப்னி டயரின் மேல்தான் கிடக்கிறது.